ஏடிஆரா, ஏர்பஸ்ஸா, போயிங்கா?

பினாங்கின் பாயான் லெப்பாஸ் விமான நிலையத்தில் ஓடுதளம் ஒன்றுதான். நீளம் 3,352 மீட்டர். ஒரு பகல் முழுக்க அதைப் பார்த்துக்கொண்டிருந்தால் மலேசிய விமானத் தொழிலின் முக்கால்வாசி கண்ணெதிரே வந்து இறங்கிவிடும். சுபாங்கிலிருந்து ஃபயர்ஃபிளையின் ஏடிஆர் 72 புரொப்பெல்லர் சுழல வரும். ஏர்ஏசியாவின் சிவப்பு ஏர்பஸ் ஏ320 வரும். மலேசியா ஏர்லைன்ஸ், பாத்திக் ஏர் இரண்டுக்கும் போயிங் 737. 2024 டிசம்பரில் தொடங்கிய சென்னை சேவைக்கு இண்டிகோ. நடுநடுவே இங்குள்ள தொழிற்சாலைகளின் சிப்புகளை ஏற்றிப்போகும் சரக்கு விமானங்கள்.

லங்காவியிலோ மலாக்காவிலோ பறக்கும் பயிற்சி முடித்து, வணிக விமானி உரிமத்தோடு ஊர் திரும்பும் பிள்ளைகள் கேட்கும் கேள்வியும் இந்த ஓடுதளத்தில்தான் இருக்கிறது. “அண்ணே, ஏடிஆர் கிடைச்சா போயிடலாமா, இல்ல ஏர்பஸ் வர்ற வரைக்கும் பொறுக்கலாமா?” வீட்டில் பெரியவர்களுக்கு இந்த வித்தியாசம் விளங்காது. பறக்கிறது எல்லாம் பிளேன்தானே என்பார்கள். ஆனால் மூன்று லட்சம் ரிங்கிட்டுக்கு மேல் செலவழித்துப் படித்த பிள்ளைக்கு இது அடுத்த பத்து வருடத்தின் கேள்வி. மாரா என்ற அரசு அமைப்பின் கடன் பூமிபுத்ராக்களுக்கு உரியது. எனவே தமிழ்க் குடும்பங்களில் இந்தப் பணம் பெரும்பாலும் வங்கிக் கடன், அப்பாவின் இபிஎஃப் சேமிப்பு, அம்மாவின் நகை என்று மூன்று பக்கமிருந்து சேர்ந்ததாக இருக்கும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். புதிய விமானி விமானத்தைத் தேர்ந்தெடுப்பது அபூர்வம். சுமார் 200 மணி நேரம் பறந்து உரிமம் வாங்கியவர் சின்ன விமானங்களை ஓட்டத்தான் தகுதி பெற்றிருக்கிறார். பயணிகள் ஜெட்டிலோ ஏடிஆரிலோ உட்கார வேண்டுமானால் அந்தந்த ரகத்துக்குத் தனியே டைப் ரேட்டிங் எடுக்க வேண்டும். அதற்கு வகுப்பு, நான்கு நான்கு மணி நேரமாக சிமுலேட்டர், தேர்வு, பயணிகள் இல்லாத விமானத்தில் ஏறி இறங்கும் பயிற்சி, அதற்குப் பிறகு பயணிகளோடு பயிற்சி கேப்டனின் பக்கத்தில் பல வாரம். எல்லாம் முடிய மாதங்கள் ஆகும். எந்த ரகம் என்பதை நிறுவனம் முடிவு செய்கிறது. ஏர்ஏசியா எடுத்தால் ஏ320, மலேசியா ஏர்லைன்ஸ் எடுத்தால் பெரும்பாலும் 737, ஃபயர்ஃபிளை எடுத்தால் ஏடிஆர் அல்லது 737. எந்த வாசலில் போய் நிற்பது, எவ்வளவு காலம் நிற்பது, எவ்வளவு கடனைத் தலையில் வைத்துக்கொண்டு நிற்பது, இவைதான் பிள்ளையின் கையில் இருப்பவை. என் கட்சியை இங்கேயே சொல்லிவிடுகிறேன். சீக்கிரம் ஏறி, அடிக்கடி இறங்கக் கிடைக்கும் விமானமே நல்ல முதல் விமானம். கையில் வந்த ஏடிஆரை விட்டுவிட்டு வராத ஏர்பஸ்ஸுக்குக் காத்திருப்பது தப்புக்கணக்கு.

இந்தக் கேள்வி பினாங்குக்குப் புதிது என்றாலும் விமானம் புதிதல்ல. 1935-இல் திறந்த நிலையம் இது. 1936 மார்ச்சில் இம்பீரியல் ஏர்வேஸின் ‘டொராடோ’ இங்கிருந்துதான் ஹாங்காங்குக்குத் தபால் கொண்டுபோனது. அடுத்த ஆண்டு வேர்ன்ஸ் நிறுவனம் மரமும் துணியுமான டிராகன் ராப்பிட் விமானத்தில் சிங்கப்பூர், கோலாலம்பூர், பினாங்கு சேவையை நடத்தியது. 1947 மே மாதம் மலாயன் ஏர்வேஸின் ஏர்ஸ்பீட் கான்சல் ஈப்போவையும் சேர்த்துக்கொண்டு அதே தடத்தில் பறந்தது. அன்று நிறுவனத்திடம் எது இருந்ததோ அதை ஓட்டினார்கள்.

பிறகு வந்தது ஏணிக் காலம். 1972-இல் தனியாகப் பிரிந்த மலேசிய விமான நிறுவனத்தில் புதியவர் ஃபோக்கர் போன்ற புரொப்பெல்லர் விமானத்தில் தொடங்குவார். சில வருடத்தில் 737, பிறகு டிசி-10, கடைசியில் 747. யார் எப்போது ஏறுவது என்பதைச் சேவை மூப்பு தீர்மானித்தது. அந்த ஏணியை முறித்தது மலிவுக் கட்டண விமானம். 2001-இல் டோனி ஃபெர்னாண்டஸ் ஒரு ரிங்கிட்டுக்கு ஏர்ஏசியாவை வாங்கியபோது அதனிடம் இரண்டு 737-300 இருந்தன. 2005 டிசம்பரில் ஏ320 வரத் தொடங்கியது. ஒரே ரகம், நாளுக்கொரு புதிய தடம், ஆள் பற்றாக்குறை. 200 மணி நேரக்காரர் நேராக 180 பேரை ஏற்றும் ஜெட்டின் வலது இருக்கைக்கு வந்தார். அமெரிக்காவில் இது நடக்காது. 2009-இல் பஃபலோ அருகே நடந்த கோல்கன் ஏர் விமான விபத்துக்குப் பிறகு அங்கே துணை விமானிக்கே பொதுவாக 1,500 மணி நேரம் வேண்டும். நம் பக்கத்தில் அப்படி விதி இல்லாததால்தான் ‘எந்த விமானம்’ என்ற கேள்வி இருபத்திரண்டு வயதிலேயே எழுகிறது.

ஏடிஆரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும், ஏனென்றால் அதைத்தான் பிள்ளைகள் இளக்காரமாகப் பார்க்கிறார்கள். ஃபயர்ஃபிளை 2007 ஏப்ரலில் தொடங்கியதே பினாங்கிலிருந்துதான். முதலில் ஃபோக்கர் 50, அடுத்த ஆண்டிலிருந்து ஏடிஆர் 72-500. எழுபது சொச்சம் பயணிகள். பின்வாசல் வழியாக ஏற வேண்டும், சாமான் அறை முன்னால், விமானிகளுக்கும் பயணிகளுக்கும் நடுவில். ஜெட்டில் வாலுக்குள் ஒரு குட்டி எஞ்சின் இருக்கும். தரையில் நிற்கும்போது மின்சாரமும் குளிர்காற்றும் அதிலிருந்து வரும். ஏடிஆரில் அது கிடையாது. வலது எஞ்சினை ஓடவிட்டு, புரொப்பெல்லரை மட்டும் பிரேக் போட்டு நிறுத்திவிடுவார்கள். இதற்கு ஹோட்டல் மோட் என்று பெயர். பாயான் லெப்பாஸ் வெயிலில் பயணிகள் ஏறும்போது சுழலாத புரொப்பெல்லருக்குப் பின்னால் எஞ்சின் இரைந்துகொண்டிருப்பதைக் கேட்கலாம்.

பறக்கும் உயரம் சுமார் 17,000 அடி, வேகம் மணிக்கு 500 கிலோமீட்டர் அளவில். ஜெட் மேகத்துக்கு மேலே போய்த் தப்பிக்கும் இடத்தில் ஏடிஆர் மேகத்துக்குள்ளேயே வழி தேட வேண்டும். மலாக்கா நீரிணையில் விடியற்காலை எழும் சுமாத்திரா சூறைக்காற்று, பிற்பகல் இடிமழை இரண்டையும் ரேடாரில் படித்து, இடமா வலமா என்று துணை விமானியும் சேர்ந்து முடிவெடுப்பார். சுபாங்–பினாங்கு சுமார் ஒரு மணி நேரம். ஒரு நாளில் நான்கு செக்டர் என்றால் கேப்டனும் அவரும் மாறி மாறி ஓட்டும்போது இரண்டு இறக்கம் அவருடையது. பக்கக்காற்றில் புரொப்பெல்லர் விமானத்தை நடுக்கோட்டில் இறக்கக் கால்கள் வேலை செய்தாக வேண்டும். ஜெட்டில் மட்டுமே வளர்ந்தவர்களுக்குக் கால் வேலை அவ்வளவாகப் பழகாது என்று பழைய பயிற்சி கேப்டன்கள் குறைப்பட்டுக்கொள்வதுண்டு. அதில் கொஞ்சம் வயதின் அலுப்பும் கலந்திருக்கும், ஆனால் பொய்யில்லை.

இந்த விமானம் மன்னிக்கும் சுபாவம் கொண்டதும் அல்ல. 2015 பிப்ரவரியில் தைபேயில் டிரான்ஸ்ஏசியா ஏடிஆரில் வலது எஞ்சினில் கோளாறு. கேப்டன் குறைத்ததோ நன்றாக ஓடிக்கொண்டிருந்த இடது எஞ்சினை. 43 பேர் இறந்தார்கள். 2023 ஜனவரியில் நேபாளத்தின் பொக்கராவில் யேதி ஏர்லைன்ஸ் ஏடிஆர் இறங்கப்போகும் நேரம். ஃபிளாப் நெம்புகோலை நகர்த்த வேண்டிய கை, பக்கத்திலிருந்த கண்டிஷன் லீவர் இரண்டையும் இழுத்துவிட்டது. இரு புரொப்பெல்லர்களும் உந்துவிசை இல்லாத நிலைக்குப் போயின. விமானத்தில் இருந்த 72 பேரில் யாரும் பிழைக்கவில்லை. கையை வைக்கும் முன் கண்ணால் பார், பக்கத்தில் இருப்பவர் வாயால் உறுதி சொல்லட்டும் என்ற ஒழுக்கம் எல்லா விமானத்துக்கும் பொது. ஏடிஆரில் அதைத் தவறவிட்டால் திருத்திக்கொள்ள உயரமும் இருக்காது, நேரமும் இருக்காது. முதல் விமானத்திலேயே இந்தப் பழக்கம் உடம்பில் ஏறுவது நல்லதுதான்.

இந்தியாவிலும் இதே கதைதான். ‘சூரரைப் போற்று’ படத்துக்கு மூலமான கேப்டன் கோபிநாத்தின் ஏர் டெக்கான் 2003-இல் ஏடிஆரை வைத்துத்தான் தொடங்கியது. ஏ320 மட்டுமே என்று இருந்த இண்டிகோவும் 2017-இல் ஏடிஆர் வாங்கியது. தூத்துக்குடியின் பழைய ஓடுதளம் 1,350 மீட்டர் அளவுதான். யாழ்ப்பாணத்துப் பலாலியும் குட்டை. ஜெட் போக முடியாத ஊருக்கு ஏடிஆர் போகும். அதனால் இந்தத் தொழிலில் ஏடிஆருக்கு ஆள் தேவை முற்றிலும் வற்றிப்போவதில்லை.

இனி ஏ320-உம் 737-உம். வாட்ஸ்அப் குழுக்களில் இது ரஜினி–கமல் சண்டை மாதிரி ஓடும். உண்மையில் வேறுபாடு இருக்கிறது, அது கையிலேயே தெரியும். 737 முதலில் பறந்தது 1967 ஏப்ரலில். விமானிக்கு முன்னால் பெரிய யோக். ஒருவர் இழுத்தால் மற்றவர் முன்னாலும் அது நகரும். தானியங்கி உந்துவிசையைக் கூட்டினால் த்ரஸ்ட் லீவர் தானே முன்னே போகும். முழங்காலுக்குப் பக்கத்தில், மூக்கின் ஏற்ற இறக்கத்தைச் சமன்படுத்தும் டிரிம் சக்கரம் கடகடவென்று சுற்றும். விமானம் என்ன செய்கிறது என்பதைக் கையும் காதும் சொல்லிக்கொண்டே இருக்கும். 1987-இல் பறந்த ஏ320-இல் யோக் இருந்த இடத்தில் சாப்பிட ஒரு மேசை. பக்கவாட்டில் சின்ன சைடுஸ்டிக். த்ரஸ்ட் லீவர்கள் ஓரிடத்தில் நிற்கும், எஞ்சின் அதன்பாட்டில் கூடும் குறையும். கணினி இடையில் இருந்து, வேகம் அளவுக்கு மீறிக் குறையவும் விமானம் அளவுக்கு மீறிச் சாயவும் விடாது. புதியவருக்கு இது பெரிய ஆறுதல்.

அந்த ஆறுதலுக்கு ஒரு விலையும் உண்டு. 2014 டிசம்பர் 28-ஆம் தேதி சுரபாயாவிலிருந்து சிங்கப்பூர் கிளம்பிய இந்தோனேசிய ஏர்ஏசியாவின் ஏ320-இல், சுக்கான் அமைப்பின் எச்சரிக்கை திரும்பத் திரும்ப வந்தது. சர்க்யூட் பிரேக்கரை இழுத்துப் போட்டதில் தானியங்கியும் கணினியின் வழக்கமான பாதுகாப்பும் விலகிப்போயின. துணை விமானி சைடுஸ்டிக்கைப் பின்னால் இழுத்தபடியே இருந்தார். கேப்டன் தன் பக்கத்தில் முன்னால் தள்ளினார். இரண்டும் ஒன்றோடொன்று இணைக்கப்படாதவை. எதிரெதிரான இரண்டு உள்ளீட்டையும் கணினி கூட்டிக் கழித்தது. 162 பேர் ஜாவாக் கடலில் போனார்கள். 737-இல் அந்த இழுப்பு மற்றவர் கையில் மோதியிருக்கும்.

போயிங் ஆட்கள் இதைச் சொல்லிச் சிரிக்க முடியாது. 2018 அக்டோபரில் லயன் ஏரின் மேக்ஸ், 2019 மார்ச்சில் எத்தியோப்பியன் மேக்ஸ், இரண்டிலும் சேர்த்து 346 உயிர். எம்கேஸ் என்ற மென்பொருள் மூக்கைக் கீழே தள்ளியது. அப்படி ஒன்று இருப்பதே முதல் விபத்து வரை விமானிகளின் கையேட்டில் தெளிவாக இல்லை. எத்தியோப்பியன் விமானிகள் மின்சார டிரிமை அணைத்தபோது, கையால் சுற்ற வேண்டிய சக்கரம் காற்றின் அழுத்தத்தில் அசைய மறுத்தது. 1967-இல் பறந்த விமானத்தைப் புது எஞ்சினோடு இழுத்துப் பிடித்து ஓட்டியதன் பலன் அது. மேக்ஸை உலகிலேயே முதலில் பயணிகள் சேவையில் விட்டது மலேசியாவின் மலிண்டோ, 2017 மே மாதத்தில். இன்று அதன் பெயர் பாத்திக் ஏர். திருத்தப்பட்ட மேக்ஸ் இன்று நன்றாகவே பறக்கிறது. மலேசியா ஏர்லைன்ஸின் தாய்க் குழுமம் 2025 மார்ச்சில் இன்னும் 30 மேக்ஸ் வாங்க ஒப்பந்தம் போட்டது. ஏர்ஏசியா அதே ஆண்டு ஜூலையில் 50 ஏ321எக்ஸ்எல்ஆர் கேட்டது. இரு பக்கமும் வேலை இருக்கிறது.

ஆனாலும் இரண்டுக்கும் நியமனக் கடிதம் ஒரே நாளில் வந்தால் நான் ஏ320 பக்கம் சாய்வேன். காரணம் தொழில்நுட்பம் இல்லை, சந்தை. 2023 மே மாதம் இந்தியாவில் கோ ஃபர்ஸ்ட் நிறுவனம் நின்றது. அது ஓட்டியது ஏ320. பக்கத்திலேயே இண்டிகோவும் ஏர் இந்தியாவும் அதே ரகத்துக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தன. தொடங்கி ஒரு வருடம்கூட ஆகாத மைஏர்லைன் அந்த ஆண்டு அக்டோபர் 12-ஆம் தேதி இங்கே படுத்தது. அதுவும் ஏ320தான். இரவோடிரவாக வேலை போனவர்களின் உரிமத்தில் எழுதியிருந்த ரகம், கதவைத் தட்டப் பல வீடுகளைக் காட்டியது. 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ் நின்றபோது அதன் 737 விமானிகளுக்கு அந்த ரகம் ஓட்டும் இந்திய நிறுவனங்கள் குறைவு. ஏ320 ரேட்டிங் இருந்தால் ஏ330-க்கு மாறுவதும் சுருக்கமான பாடம். ஏர்பஸ் தன் விமானி அறைகளை வேண்டுமென்றே ஒன்றுபோல் வைத்திருக்கிறது.

நிறுவனங்களும் ரகத்தை மாற்றும். பினாங்குக்கு வந்துபோன சில்க்ஏர் ஏ320-இலிருந்து 2014-இல் 737-க்கு மாறத் தொடங்கியது, 2021-இல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் கரைந்தது. மலேசியா ஏர்லைன்ஸில் ஏ380 ஓட்டுவது 2012-இல் பெருமை. பத்தே வருடத்தில் ஆறு விமானமும் கழற்றிவிடப்பட்டன. ஃபயர்ஃபிளை 2011-இல் 737 கொண்டுவந்து, அந்த ஆண்டே நிறுத்தி, 2022 ஏப்ரலில் பினாங்கிலிருந்து மறுபடி தொடங்கியது. இப்படி மாறும் உலகத்தில் முதல் ரகத்தை ஜாதகம் மாதிரி பார்ப்பதில் அர்த்தமில்லை.

அகன்ற விமானக் கனவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஏ350-இன் வலது இருக்கை பார்க்க அழகுதான். நீண்ட தூரப் பறப்பில் மணி நேரம் மளமளவென்று ஏறும், இறக்கம் ஏறாது. மாதத்துக்கு இரண்டு மூன்று இறக்கம் கிடைத்தாலே அதிகம். 90 நாளில் மூன்று ஏற்றம், மூன்று இறக்கம் என்ற குறைந்தபட்ச விதியைச் சமாளிக்கவே சிலரை சிமுலேட்டருக்கு அனுப்புவார்கள். 28 வயதில் போக வேண்டிய இடத்துக்கு 22-இல் போய் என்ன செய்வது? ஏடிஆருக்கு எதிராகச் சொல்லத்தக்க உருப்படியான வாதம் ஒன்று உண்டு. வளைகுடா நிறுவனங்கள் ஆள் எடுக்கும்போது ஜெட் அனுபவத்தையும் விமானத்தின் எடையையும் பார்க்கின்றன. ஏடிஆரின் அதிகபட்ச எடை 23 டன், ஏ320 அதைப்போல மூன்று மடங்குக்கு மேல். எனவே ஏடிஆரில் பத்து வருடம் அசையாமல் இருந்துவிடக்கூடாது. ஏர்லைன் கேப்டனுக்கான உரிமத்துக்கு 1,500 மணி நேரம் வேண்டும். ஆண்டுக்கு 900 என்பது பல நாடுகளில் உச்சவரம்பு. ஓரளவு மும்முரமான ரோஸ்டரில் இரண்டு வருடத்தில் அந்த எண்ணை எட்டிவிடலாம். அதன் பிறகு ஜெட்டுக்கு மனுப் போடுபவரைப் பார்க்கும் பார்வையே வேறு. ஏடிஆரில் கேப்டனாகி, நான்கு கோடு தோளில் ஏறிய பிறகு போனால் இன்னும் விசேஷம்.

பொறுத்திருப்பவரின் கணக்கைப் பாருங்கள். வேலையில்லாமல் இருக்கும் ஒவ்வொரு ஆண்டும் கருவிவழிப் பறப்புத் தகுதியைப் புதுப்பிக்கக் காசு, மருத்துவச் சான்றுக்குக் காசு, வங்கிக்கு வட்டி. போன பத்தாண்டின் நடுவில் உரிமம் வாங்கிய நூற்றுக்கணக்கானோர் இந்த நாட்டில் வேலையில்லாமல் இருந்தார்கள். கோவிட் வந்தபோது கேப்டன்களே உணவு டெலிவரிக்குப் போனார்கள். அப்போது கையில் ஏடிஆர் நேரம் இருந்தவருக்கும் வெறும் 200 மணி நேரம் இருந்தவருக்கும் இருந்த தூரம் பெரிது.

இந்தத் தவிப்பில்தான் சிலர் சொந்தக் காசில் டைப் ரேட்டிங் வாங்குகிறார்கள். இந்தியாவில் இது பழைய வியாபாரம், இங்கேயும் முகவர்கள் உண்டு. ஏ320 ரேட்டிங் கையில் இருந்தால் வேலை நிச்சயம் என்பார்கள். நியமனக் கடிதம் இல்லாமல் இதைச் செய்யவே கூடாது என்பது என் உறுதியான எண்ணம். ரேட்டிங் ஒரு வருடத்தில் காலாவதியாகும். அந்த ரகத்தில் ஒரு பயணிகூட இல்லாமல் வெறும் சிமுலேட்டர் நேரம் மட்டும் வைத்திருப்பவரை நிறுவனங்கள் புதியவராகத்தான் நடத்துகின்றன. எடுத்தாலும் தங்கள் முறைப்படி மறுபடி பயிற்சி தருகின்றன. சிலர் வீட்டை அடகு வைத்து இதைச் செய்கிறார்கள். கேட்டால் வயிறு எரிகிறது.

சரக்கு விமானத்தை யாரும் நினைப்பதில்லை. சுபாங்கைத் தளமாகக் கொண்ட ராயா ஏர்வேஸ் போயிங் 767 ஓட்டுகிறது. இரவு வேலை, பழைய விமானம், புகைப்படத்தில் எடுபடாது. ஆனால் கோவிட் காலத்தில் பயணிகள் விமானங்கள் தரையில் கிடந்தபோது சரக்குக்குத்தான் வேலை இருந்தது.

பினாங்குப் பிள்ளைக்கு இன்னொரு விஷயமும் உண்டு: எங்கே தங்குவது. ஃபயர்ஃபிளையின் ஏடிஆர்களுக்கு முக்கியத் தளம் சுபாங். ஏர்ஏசியாவுக்கு இங்கே தளம் உண்டு, ஆனால் அதற்கு மூத்தவர்கள் வரிசையில் நிற்கிறார்கள். புதியவரைக் கோலாலம்பூரிலோ கோத்தா கினபாலுவிலோ போடலாம். நேர்காணலில் எந்த விமானம் என்று கேட்பதோடு எந்தத் தளம் என்றும் கேட்டுவிட வேண்டும். பிறகு பாண்ட். டைப் ரேட்டிங் செலவை நிறுவனம் ஏற்றால் சில வருடம் அங்கேயே இருப்பதாகக் கையெழுத்து வாங்குவார்கள். நடுவில் விலகினால் கட்ட வேண்டிய தொகை மாதாமாதம் குறைந்துகொண்டே வருமா, கடைசி நாள்வரை முழுத்தொகையேதானா? நிறுவனமே மூடிவிட்டால் அந்தப் பத்திரம் என்னாகும்? பயிற்சியில் தேறாவிட்டால் யார் கட்டுவது? ஜாமீன் கையெழுத்து அப்பாவுடையது என்றால் அவரையும் பக்கத்தில் உட்கார வைத்து, ஒவ்வொரு பக்கமாகப் படித்துப் பார்க்க வேண்டும்.